குடிக்கிறதில்ல டாக்டர், டேஸ்ட் பண்றேன்

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்தார். வலது காலில் ஷூ, இடது காலில் ரப்பர் செருப்பு. இடது கட்டைவிரல் மூட்டு தக்காளி போலச் சிவந்து வீங்கியிருந்தது. போர்வை நுனி பட்டாலே உயிர் போகிறது என்றார். இது கவுட், அதாவது யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வீக்கம், என்று சொல்லப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"குடிப்பீங்களா?"

"இல்ல டாக்டர். எப்பவாவது டேஸ்ட் பண்றதோட சரி."

கூட வந்த மனைவி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பெங்களூரில் பல வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறவனுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியும்.

"டேஸ்ட்னா என்ன மாதிரி?" என்று கேட்டதும் மனிதர் வலியை மறந்துவிட்டார். கைபேசியில் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டினார். நானூற்றுச் சொச்சம் பீர்கள். பெயர், ஊர், நிறம், மணம், பத்துக்கு எத்தனை மார்க் என்று எல்லாம் இருந்தது. ஜெர்மனியின் பாம்பெர்க்கில் பீச் (beech) மரப் புகையில் மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, உலர்த்திச் செய்கிற புகை பீர், உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்க்கும் லைப்சிக் ஊர் கோஸெ, ஃபின்லாந்தில் ஜூனிப்பர் கிளைகளின் மேல் வடித்தெடுக்கும் சாஹ்தி. இவற்றைத் தேடித்தேடி, நண்பர்கள் பயணப் பெட்டியில் இடம் பிடித்து வரவழைக்கிறார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஸ்டாம்பு சேர்த்த காலத்துக்குப் பிறகு நான் எதையும் இவ்வளவு ஒழுங்காகச் சேர்த்ததில்லை.

ஷீட்டில் பத்துக்குப் பத்து வாங்கியது வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12. பெல்ஜியத்தில் சிந்த் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் காய்ச்சுவது. பல காலம் பாட்டிலில் லேபிள் இல்லாமலே வந்தது, மஞ்சள் மூடிதான் அடையாளம். முன்பு தொலைபேசியில் பதிவு செய்துவிட்டு மடத்து வாசலில் போய் வாங்க வேண்டும்; 2019இல் அந்தப் பதிவு இணையத்துக்கு வந்தது. போன வாரம் நண்பர் ஒருவர் ஆறு பாட்டில் கொண்டுவந்திருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி மூன்று காலி. ஞாயிறு விடிகாலையில் விரல் வீங்கிவிட்டது.

"மூணு சின்ன பாட்டில்தானே டாக்டர்?"

இந்த "சின்ன" என்கிற வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. அந்த பீரில் ஆல்கஹால் 10.2 சதவீதம். ஒரு பாட்டில் 330 மில்லி. மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, 0.79ஆல் பெருக்கினால் உள்ளே போன ஆல்கஹால் எத்தனை கிராம் என்று வந்துவிடும். ஒரு பாட்டிலுக்கு ஏறக்குறைய 27 கிராம். நம் ஊர் 650 மில்லி பெரிய பாட்டில், 5 சதவீத பீர், 26 கிராம்தான். ஆக, அவர் மூன்று பெரிய பாட்டில் குடித்ததற்குச் சமம். அவர் ஷீட்டில் 12 சதவீத இம்பீரியல் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர்களும் வரிசையாக இருந்தன. அதில் 330 மில்லி என்றால் 31 கிராம். டாஸ்மாக் கணக்கில் சொன்னால், 90 மில்லி கட்டிங் அடித்தால் உள்ளே போவது 30 கிராம். கட்டிங் அடிக்கிறவரைக் குடிகாரர் என்கிறோம். வெனிலா, காபி, ஓக் பீப்பாய் வாசனை என்று எழுதி வைக்கிறவரை ரசிகர் என்கிறோம். இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே மாதிரி கல்லீரல், அதற்கு வெனிலா வாசனை எட்டாது.

ஒயின் ருசி பார்ப்பவர்கள் துப்பிவிடுவார்கள். பீர் ருசிப்பவர்கள் பெரும்பாலும் விழுங்குகிறார்கள். பீருக்குப் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் மூக்கின் பின்வழி வரும் மணமும் விழுங்கினால்தான் முழுசாகத் தெரியும் என்பார்கள். அங்கேயே பீர் காய்ச்சிப் பரிமாறும் மைக்ரோபிரூவரியில் மரத்தட்டில் அடுக்கிவரும் ஆறு குட்டிக் கண்ணாடிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 120 மில்லி, சராசரி 6 சதவீதம் என்று வைத்தால் 34 கிராம். அதை முடித்துவிட்டுத்தான் பலர் "சரி, இப்ப எதை ஆர்டர் பண்ணலாம்?" என்று மெனுவைத் திறக்கிறார்கள். உடம்பு ஒரு மணி நேரத்தில் எரிப்பது ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் வண்டி ஓட்டுவது நம் சட்டப்படி குற்றம். அந்த மரத்தட்டு ஒன்றே பலரை அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கும்.

தப்பு நோயாளிகளிடம் மட்டும் இல்லை. "எத்தனை பாட்டில்?" என்றுதான் நானும் இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது என்ன பீர், எத்தனை சதவீதம், எவ்வளவு பெரிய கண்ணாடி என்று கேட்கிறேன். கேட்டதும் ஆர்வமாகச் சொல்லிவிடுகிறார்கள். ரசிகனிடம் ரசனையைப் பற்றிக் கேட்டால் பொய் வராது.

அப்புறம் கவுட். எந்த மதுவும் சிறுநீரகம் யூரிக் ஆசிட்டை வெளியேற்றுவதைக் குறைக்கும். பீர் கூடுதலாக, உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறும் பியூரினையும் கொண்டுவந்து சேர்க்கிறது. 2004இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் சுமார் 47,000 ஆண்களைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். தினம் ஒரு பீர் என்ற கணக்கில் கவுட் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி கூடியது. விஸ்கி, பிராந்தி போன்ற வகைகளில் அதைவிடக் குறைவு, ஒயினில் குறிப்பிடும்படி இல்லை. இதைச் சொன்னால் உடனே ஒயினுக்கு மாறலாமா என்பார்கள். ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. அது ஒயினுக்கும் பொருந்தும்.

இன்னொரு நோயாளி. பைக்கிலிருந்து விழுந்து காலில் புண், சீழ். லினசோலிட் எழுதிக் கொடுத்தேன். "குடிக்காதீங்க" என்றும் சொன்னேன். அவர் காதில் அது பிராந்தி, விஸ்கிக்கு என்று விழுந்திருக்கிறது. ஆறாம் நாள் ராத்திரி பிடரியில் சம்மட்டி அடிக்கிற மாதிரித் தலைவலியோடு வந்தார். பி.பி. 210/120. சாயங்காலம் குழாயிலிருந்து பிடித்த புளிப்பு பீர் ஒன்றரை மக், கூடவே பழைய சீஸ் ஒரு தட்டு.

லினசோலிட் ஒரு ஆன்டிபயாட்டிக்தான். ஆனால் உடம்பில் டைரமின் என்ற பொருளை உடைக்கிற நொதியையும் அது கொஞ்சம் கட்டிப்போடும். உடையாத டைரமின் ரத்தத்தில் ஏறினால் பி.பி. எகிறும். சீஸில் டைரமின் உண்டு என்று படித்தவர்களுக்குத் தெரியும். பீரிலும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பாஸ்டரைஸ் செய்து பாட்டிலில் வரும் சாதா பீரில் பொதுவாகக் குறைவு. பாக்டீரியா வேலை செய்யும் பீரில் அது சேரும். பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக்கை நினைத்துப் பாருங்கள். காய்ச்சிய பார்லிச் சாற்றைக் குளிர்மாதங்களில் அகலமான திறந்த தொட்டியில் ராத்திரி முழுக்க ஆறவிடுகிறார்கள். காற்றிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் வந்து விழும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான் அதைப் புளிக்க வைக்கின்றன. அப்புறம் பீப்பாயில் ஒன்று, இரண்டு, மூன்று வருடம். அந்தச் சுவைக்குக் காரணமான கூட்டத்தில் டைரமின் செய்கிற பேர்வழிகளும் உண்டு.

அன்றைக்கு அவர் பி.பி.யை ஏற்றியதில் பீரின் பங்கு எவ்வளவு, சீஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மருந்து எழுதியவன் நான். சீஸையும் குழாய் பீரையும் பெயர் சொல்லித் தடுக்காததும் நான்தான். லினசோலிட் மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கும் மாதக்கணக்கில் கொடுக்கப்படுகிறது. சில பழைய மனச்சோர்வு மாத்திரைகளிலும் இதே சிக்கல் உண்டு. பார்க்கின்சன் நோய்க்கான செலிஜிலின், ரசாஜிலின் சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வித்தியாசமான பீர் என்றால் வித்தியாசமான சரக்கும் உள்ளே இருக்கும். மில்க் ஸ்டவுட்டில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, சிலவற்றில் வேர்க்கடலை, சிலவற்றில் சிப்பி. ஒவ்வாமை இருப்பவர்கள் ஊற்றுகிறவரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு, குளூட்டன் குறைத்த பார்லி பீர்கூட நம்பத்தக்கது இல்லை.

2020 ஜனவரியில் பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டேயில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராஃப்ட் பீர் ஆலையின் பீரில் டைஎதிலீன் கிளைகால் கலந்துவிட்டது. இருமல் மருந்துச் செய்திகளில் நாம் கேள்விப்பட்ட அதே விஷம். அங்கே அது குளிர்விக்கும் திரவமாக இருந்தது, தொட்டியில் கசிவு. வாந்தி, வயிற்றுவலி, சிறுநீர் நின்றுபோவது, முகத்தசை செயலிழப்பு. பலர் இறந்தார்கள். உணவுத் தரப் புரோப்பிலீன் கிளைகால் பயன்படுத்தும் இடத்தில் இந்த ஆபத்து மிகக் குறைவு. காய்ச்சுகிறவரிடம் ஹாப்ஸ் எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்கும்போது குளிர்விக்க எதைப் பயன்படுத்துகிறார் என்றும் கேட்டுவிடலாம். நல்ல இடம் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கவுட்காரர் மூன்று வாரம் கழித்து இரண்டு காலிலும் ஷூவோடு வந்தார். ஷீட்டில் "கிராம்" என்று புதிதாக ஒரு பத்தி. பழைய பதிவுகளுக்கும் கணக்குப் போட்டிருக்கிறார். டிசம்பர் மாதத் தொகையை மட்டும் எனக்குக் காட்டாமல் வேகமாகத் தள்ளினார்.

"ஆல்கஹால் இல்லாத கோதுமை பீர் பரவாயில்லையா டாக்டர்?"

அதிலும் பியூரின் இருக்கிறது, பல நாடுகளில் அரை சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தாலும் அப்படித்தான் லேபிள் ஒட்டுவார்கள் என்றேன். மருந்துச் சீட்டின் கீழே, ஆறு வாரம் கழித்து யூரிக் ஆசிட், கல்லீரல் பரிசோதனை என்று எழுதினேன். அதையும் ஷீட்டில் ஏற்றிக்கொண்டார்.