நாணயம் சுமந்த முள்

போன மாதம் ஒருவர் தம் ரிக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். முள்ளைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக்கும் சின்னப் பாகமான கார்ட்ரிட்ஜின் தலைமேல் ஒரு 25 காசு நாணயம் ஒட்டியிருந்தது. கீறல் விழுந்த இடத்தில் முள் தாண்டுகிறது, அதனால் பாரம் ஏற்றினேன் என்றார். 2 கிராம் அழுத்தத்துக்கென்று செய்த முள். காசோ கிட்டத்தட்ட 3 கிராம். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முள்ளைத் தாங்கும் தண்டு மடங்கிப்போய், கார்ட்ரிட்ஜின் வயிறு இசைத்தட்டை உரசிக்கொண்டிருந்தது.

எந்த கார்ட்ரிட்ஜ் வாங்கலாம் என்பது அவருடைய அடுத்த கேள்வி. என் பதில்: கார்ட்ரிட்ஜின் உடலை விடுங்கள், முள்ளின் முனையைப் பாருங்கள். ஆடியோ டெக்னிகா நிறுவனத்தின் விஎம்95 வரிசையில் உடல் ஒன்றுதான், முள்ளை மட்டும் கழற்றி மாற்றலாம். மலிவான 'சி'யில் உருண்டை முனை. 'ஈ'யில் நீள்வட்டம். 'எம்எல்' முனை கத்தி விளிம்புபோல மெல்லியது.

வித்தியாசம் தட்டின் கடைசிப் பாட்டில்தான் தெரியும். எல்பியின், அதாவது நிமிடத்துக்கு 33 சுற்று சுழலும் பெரிய தட்டின், வெளியோரத்தில் ஒரு நொடி இசைக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் தடம் கிடைக்கிறது. லேபிளை நெருங்கும்போது அதே நொடி சுமார் 20 சென்டிமீட்டருக்குள் நெருக்கியடித்து உட்கார வேண்டும். அந்த நுண்ணிய நெளிவுகளுக்குள் உருண்டை முனை நுழையாது. 'ஸ' ஓசை வரும் இடமெல்லாம் சீறும்.

விலையை மட்டும் பார்த்தால் 'எம்எல்' தலைசுற்ற வைக்கும்: 'ஈ'யைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் நீள்வட்டத்துக்கு 300 மணி நேரம், 'எம்எல்' முனைக்கு 1000. ஒரு மணி நேரத்துக்கு ஆகும் செலவைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தினமும் கேட்பவர் 'எம்எல்' வாங்கினால் நஷ்டமில்லை. வாரம் ஒரு தட்டு போடுபவருக்கு 'ஈ' போதும். உருண்டை முனை 500 மணி நேரம் உழைக்கும், பொருத்துவதில் சிறு பிசகு இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன்.

'ஈ', 'எம்எல்' இரண்டையும் போட்டுக் கேட்டு முடிவு செய்யப் போகிறீர்களா? முதலில் ஒலியளவைச் சமன் செய்யுங்கள். 'ஈ' 4 மில்லிவோல்ட் தருகிறது, 'எம்எல்' 3.5; அதனால் 'ஈ' சற்று உரக்க ஒலிக்கும். சற்று உரக்கக் கேட்பதை நல்லது என்று நம்புவது காதின் பழக்கம். எனக்கும் அது உண்டு. அழுத்தத்தைக் கண்மதிப்பில் வைக்காதீர்கள், சின்ன எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகளை எல்பி முள்ளில் ஓட்டவே கூடாது. அவற்றின் தடம் அகலம். முள் அடியில் விழுந்து குப்பையைத்தான் வாசிக்கும்.

நாணயக்காரருக்கு 'ஈ' முள் போட்டு, அழுத்தத்தை 2 கிராமில் வைத்துக் கொடுத்தேன். மற்றத் தட்டுகள் நன்றாகப் பாடுகின்றன. அவர் அதிகம் கேட்ட அந்த ஒரு தட்டு மட்டும் இன்னும் சீறுகிறது. தேய்ந்த தடத்துக்கு என்னிடம் மாற்று முள் இல்லை.