பெடல் இறங்கினால் புஷ் ராடைத் தொடாதீர்கள்

பழைய அம்பாசிடரிலோ பத்மினியிலோ பிரேக் பெடல் பாதிக்கு மேல் இறங்கத் தொடங்கியதும், "புஷ் ராடைக் கொஞ்சம் நீட்டிவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டே சேலத்தில் உள்ள எங்கள் பட்டறைக்குப் பலர் வருகிறார்கள். பெடலின் அழுத்தத்தை, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்குக் கடத்தும் கம்பிதான் புஷ் ராடு. அதை நீட்டினால் பெடல் உயரும் என்பது உண்மைதான்; ஆனால் கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும், புதிதாக ஓர் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் மேலுள்ள லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடுவதால், அதைக் கடக்கப் பெடல் அதிகமாக இறங்க வேண்டியிருக்கிறது. ஆகவே சரிசெய்ய வேண்டியது சக்கரத்தில்தான். மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, தூக்கிய சக்கரம் சுற்ற முடியாதபடி இறுகும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பிய பின், அது தடையின்றிச் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும். இரண்டாம் முறை மிதிக்கும்போது பெடல் உயர்ந்து நின்றால் பெரும்பாலும் இந்த வேலையே போதும். பஞ்சுபோல் அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் கசிவையோ மாஸ்டர் சிலிண்டரையோ பார்க்க வேண்டும்.

ராடு நீட்டப்பட்ட ஓர் அம்பாசிடர், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து, அடிவாரத்தில் நகர மறுத்து நின்றுவிட்டது. குனிந்தவுடனே லைனிங் கருகிய வாடை மூக்கில் ஏறியது. முன்பக்க டிரம்மில் நீலம் பாய்ந்திருந்தது. ஜாக்கியில் தூக்கி, பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் துணியால் பொத்திச் சற்றே தளர்த்தியதும் பிரேக் ஆயில் பீறிட்டது, இறுகிக் கிடந்த சக்கரம் கையாலேயே சுழன்றது.

காரணம் இதுதான்: காலை எடுத்ததும் பிஸ்டன் முழுவதும் பின்னுக்கு வந்தால்தான் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள சிறு துளை திறந்து, சூட்டில் விரிந்த ஆயில் டேங்குக்குத் திரும்ப முடியும். நீட்டிய ராடு பிஸ்டனை முன்னாலேயே நிறுத்தி அந்தத் துளையை அடைத்துவிடுவதால், சூடு அழுத்தத்தையும் அழுத்தம் மேலும் சூட்டையும் வளர்க்கின்றன. புதிய டாட் 3 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பழைய ஆயிலில் அது 140 வரை இறங்கிவிடலாம் என்பதால், இறக்கத்தில் பிரேக்கே பிடிக்காமல் போகும் நிலையும் வரும்.

மலையேறும் முன், இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ராடு பிஸ்டனைத் தொடுவதற்கு முன் சிறிது ஆட்டம் தெரிய வேண்டும். அது இல்லையென்றால் வண்டியை எடுக்காதீர்கள்.