கார்டு இருந்தா போதாது, லிஸ்ட்ல பேரு இருக்கணும்: குமரி மாவட்டத்துக்காரங்க கவனிக்க வேண்டியது

வாக்காளர் அட்டை பீரோவுல பத்திரமா இருக்குன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. பூத்ல பாக்குறது லிஸ்ட்ட தான். அதுல பேரு இருந்தா, அட்டை தொலைஞ்சு போனா கூட ஆதார், லைசென்ஸ், பான் கார்டு, பாஸ்போர்ட், போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டைன்னு ஏதாவது ஒண்ண காட்டி ஓட்டுப் போடலாம். பேரு இல்லன்னா அட்டைய வச்சிகிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. தங்கலுக்கு, அதாவது பல நாள் கடல்ல தங்கி மீன் பிடிக்கப் போன எடத்துலருந்து ஓட்டுக்குன்னே கரைக்கு வந்த கடப்புறத்து அண்ணன் ஒருத்தர், பிளாஸ்டிக் கவருக்குள்ள வச்ச அட்டைய பூத் அதிகாரி முன்னாடி நீட்டி "இது சர்க்கார் தந்தது தானே சார்"னு திரும்பத் திரும்ப கேட்டத நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அவரு பொண்டாட்டி பேரு இருக்கு, அம்மா பேரு இருக்கு, இவரு பேரு மட்டும் இல்ல. லிஸ்ட் சரிபாக்க வீட்டுக்கு வந்த நேரத்துல ஆள் இல்லன்னு எழுதி எடுத்துட்டாங்க.

இது சட்டப்படியே தப்பு. 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20ஆவது பிரிவுல, தற்காலிகமா ஊர்ல இல்லாததால மட்டும் ஒருத்தர் அந்த ஊர்க்காரர் இல்லன்னு ஆயிடாதுன்னு தெளிவா இருக்கு. தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்குப் போறவங்க, கேரளாவுல ரப்பர் பால்வெட்டுக்கும் கொத்தனார் வேலைக்கும் போயி வாரக்கடைசி வர்றவங்க எல்லாம் இதுல வருவாங்க. ஆனா வீட்டுல இருக்குற பெரியம்மா "அவன் இங்க இல்ல, வெளிய இருக்கான்"னு சாதாரணமா சொல்லிடுவாங்க, வீடு வீடா வந்து லிஸ்ட சரிபாக்குற பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்), ஆள் இடம் மாறிட்டார்னு குறிச்சிட்டு போயிடுவார். அதனால வீட்டுல இப்பவே சொல்லி வைங்க, "வேலைக்குப் போயிருக்கான், வீடு இதுதான், திரும்பி வருவான்"னு முழுசா சொல்லணும். 2025 நவம்பர்ல தொடங்கின எஸ்ஐஆர்ல (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்), டிசம்பர் 19 வந்த வரைவு பட்டியல்ல தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேல பேரு போச்சு. செத்தவங்க, ரெண்டு எடத்துல பேரு இருந்தவங்க அதுல உண்டு, சரி. ஆனா உயிரோட ஊர்ல இருக்குறவங்களும் உண்டு, அவங்கள பத்தி தான் எனக்கு கவலை.

யாருக்கு உரிமைங்கிறது நீட்டி சொல்ற விஷயம் இல்ல. இந்தியக் குடிமகன், 18 வயசு, அந்த ஊர்ல குடியிருப்பு, அவ்ளோதான். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1, இதுல எந்த தேதிக்கு 18 முடிஞ்சாலும் சேரலாம், 17 ஆனதுமே முன்கூட்டியே அப்ளை பண்ணி வைக்கலாம்.

சிக்கலே ஃபார்ம்ல தான். படிவம் 6 முதல் தடவை சேர்றவங்களுக்கு மட்டும். வீடு மாறினா, பேருல அப்பா பேருல தப்பு இருந்தா, அட்டை தொலைஞ்சா எல்லாத்துக்கும் படிவம் 8. தக்கலைல பேரு இருக்குற பொண்ணு கல்யாணம் ஆகி கருங்கல் பக்கம் வந்தா, இல்ல கேரளாவுல பாறசாலைக்கே போனா கூட, போன எடத்துல படிவம் 8 தான் குடுக்கணும். பிரவுசிங் சென்டர்ல அவசரத்துல படிவம் 6 போட்டு விட்டுடுறாங்க. அதுல "என் பேரு வேற எங்கயும் இல்ல"ன்னு நீங்க உறுதிமொழி தர்றீங்க, பொய்னு வந்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, சென்டர்காரருக்கு இல்ல உங்களுக்கு. அத விட அதிகம் நடக்குறது, அம்மா வீட்டுல பேர எடுத்துட்டாங்க, மாமியார் வீட்டுல சேக்கல, அந்தப் பொண்ணு ரெண்டு பக்கமும் இல்லாம நிக்குது.

கல்ஃப்ல இருக்குறவங்களுக்கு படிவம் 6ஏ. வேற நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கக் கூடாது, பாஸ்போர்ட்ல இருக்குற ஊர்ல தான் பேரு சேரும், ஓட்டு போட ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட நேர்ல தான் வரணும். அங்கருந்தே ஆன்லைன்ல போடலாம்னு வர்ற வாட்ஸ்அப் மெசேஜ நம்பாதீங்க.

ஆதார் இல்லன்னு ஃபார்ம வாங்க மறுத்தா ஒத்துக்காதீங்க. ஃபார்ம்லயே ஆதார் தர இயலலன்னு டிக் பண்ண எடம் இருக்கு. வாடகை வீடு, வீட்டுக்காரர் அக்ரிமென்ட் எழுதித் தரலன்னாலும் விண்ணப்பம் போடலாம், ஆவணம் எதுவும் இல்லாதப்ப பிஎல்ஓ நேர்ல வந்து விசாரிச்சே ஆகணும், "டாக்குமென்ட் கொண்டா"ன்னு திருப்பி அனுப்புறது அவங்க வேலைய உங்க தலையில போடுறது.

இனி ஆபீஸ் அலைச்சல். பிஎல்ஓ "தாலுகா ஆபீஸ்ல குடுங்க"ம்பார், அங்க "ஆன்லைன்ல போடுங்க"ம்பாங்க, ஆன்லைன்ல போட்டா "பிஎல்ஓ ரிப்போர்ட் வரல"ம்பாங்க, இப்டியே சுத்த விட்டு தேதி முடிஞ்சிடும். ஒரு நாள் கூலிய விட்டுட்டு பஸ் ஏறி வர்ற ஆள "நாளைக்கு வாங்க"ன்னு சொல்றதுக்கு இவங்களுக்கு எப்டி மனசு வருதுன்னு எனக்கு புரியல. இதுக்கு ஒரே வழி, வாயால சொல்ற எதையும் கணக்குல எடுக்காதீங்க. ஃபார்ம் அடியில கிழிச்சுத் தர்ற ஒப்புகைச் சீட்டு இருக்கு, அத கையெழுத்தோட வாங்காம நகராதீங்க. ஆன்லைன்னா ரெஃபரன்ஸ் நம்பர ஸ்கிரீன்ஷாட் எடுங்க. வாக்காளர் உதவி எண் 1950க்கு கூப்பிட்டா புகார் நம்பர் கேட்டு எழுதி வைங்க.

படிவம் 7 தான் ரொம்ப பயப்பட வேண்டியது. உங்க தொகுதியில பேரு இருக்குற யாரு வேணும்னாலும் உங்க பேர நீக்கச் சொல்லி குடுக்கலாம். ஆனா "இவர் இப்ப இங்க குடியிருக்கல"ன்னு காரணம் காட்டி நீக்கணும்னா, முன்னாடி உங்களுக்கு நோட்டீஸ் தந்து உங்க பேச்ச கேக்கணும், 22ஆவது பிரிவு. நோட்டீஸ் வராமலே பேரு போயிருந்தா, "யார் மனு, எந்த தேதி நோட்டீஸ், யார் வாங்கினது"ன்னு எழுத்துல கேளுங்க. வாக்காளர் பதிவு அதிகாரி முடிவு சரியில்லன்னா 15 நாளைக்குள்ள கலெக்டர்கிட்ட அப்பீல், அதுவும் சரியில்லன்னா 30 நாளைக்குள்ள சென்னையில தலைமைத் தேர்தல் அதிகாரிகிட்ட. நாள் கணக்கு முக்கியம், ஆர்டர் காப்பிய கையில வாங்குங்க.

தேர்தல் அறிவிச்ச பிறகு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. வேட்புமனு கடைசி நாளோட லிஸ்ட் பூட்டிடும், விசாரணைக்கு நாள் வேணும்ங்கிறதால அதுக்கு பத்து நாள் முன்னாடியாவது மனு போயிருக்கணும்.

ஓட்டு நாள்ல ரெண்டு விஷயம். முந்திரி ஆபீஸ், ரப்பர் எஸ்டேட், ஜவுளிக்கடை எதுவா இருந்தாலும் ஓட்டு உள்ளவங்களுக்கு அன்னைக்கு சம்பளத்தோட லீவு, தினக்கூலிக்கும் உண்டு, கூலிய பிடிச்சா புகார் குடுங்க. அப்புறம், பேரு இருந்தும் "உங்க ஓட்ட யாரோ போட்டாச்சு"ன்னு சொன்னா பேசாம வீட்டுக்கு வராதீங்க. தலைமை வாக்குச்சாவடி அலுவலர்கிட்ட ஆய்வுக்குரிய வாக்கு கேளுங்க. அடையாளத்துக்கு கேக்குற கேள்விக்கு பதில் சொன்னா, மெஷின்ல இல்ல, காகிதச் சீட்டுல உங்கள போட விடணும். சாதாரண எண்ணிக்கையில அது சேராது, ஆனா தேர்தல் வழக்குன்னு கோர்ட்டுக்குப் போனா அங்க எடுத்துப் பாக்க அந்தச் சீட்டு இருக்கும்.