டேங்கரில் என்ன இருக்கிறது? டிரைவர், கிளீனர், சாலையோர ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தூத்துக்குடியில் லோடு ஏற்றிக்கொண்டு சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் டேங்கர் டிரைவரிடம் "உள்ளே என்னண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ ஆசிட்" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குச் சொல்லப்பட்டதே அவ்வளவுதான். வண்டி கவிழ்ந்தால் மட்டும் எல்லோருடைய விரலும் அவர் பக்கம் திரும்பும்.

சட்டம் அப்படி இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 129 முதல் 137 வரை ஆபத்தான சரக்கு பற்றியவை. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். சரக்கு அனுப்பும் கம்பெனி முழு விவரத்தையும் வண்டி உரிமையாளருக்குத் தர வேண்டும் (விதி 131). உரிமையாளர் அதை டிரைவரிடம் எழுத்தில் தர வேண்டும். டிரைவருக்கு அது புரிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் (விதி 132). வாயால் சொன்னது கணக்கில் வராது. எந்த வழியில், எந்த நேரத்தில் போவது என்று முடிவு செய்வதும் இவர்கள் பொறுப்பே. "டோல் இல்லாத வழியில போயிடு" என்று போனில் சொல்கிற முதலாளி, விபத்துக்குப் பிறகு அப்படிச் சொன்னதாக ஒப்புக்கொள்ளப் போவதில்லை. வழியையும் எழுதி வாங்குங்கள்.

அந்தக் காகிதம் கேபினில் இருப்பது டிரைவரின் பொறுப்பு (விதி 133). கிளம்பும் முன் போட்டோ எடுத்து வீட்டுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு கேபினிலிருந்து முதலில் காணாமல் போவது அதுதான்.

அடுத்தது லைசென்ஸ். அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது. அரசு அங்கீகரித்த நிலையத்தில் 3 நாள் பயிற்சி முடித்து, ஆபத்தான சரக்கு ஓட்டலாம் என்ற பதிவை லைசென்சில் ஏற்ற வேண்டும். தமிழ் போன்ற ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது விதி 9. பயிற்சிச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு "எல்லாம் இருக்கு" என்று நம்பி ஓட்டுகிறவர்கள் நிறைய. லைசென்சில் ஏறாத சான்றிதழ் வெறும் காகிதம்.

இன்னொரு குழி: சரக்கு வண்டி லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும், இந்தப் பதிவு 3 ஆண்டுதான். புதுப்பிக்க ஒரு நாள் பயிற்சி வேண்டும். "லைசென்ஸ் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே" என்று விட்டுவிடாதீர்கள். வகுப்புக்கே போகாமல் சான்றிதழ் வாங்கித் தரும் புரோக்கர் பக்கமும் போகாதீர்கள். விபத்து வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான். ஆர்.டி.ஓ. ஆபீசில் "சர்வர் இல்லை, நாளைக்கு வா" என்பார்கள். சரி, போங்கள், ஆனால் ஆன்லைன் விண்ணப்ப எண் கையில் இல்லாமல் திரும்பாதீர்கள். சில நாள் கழித்து, பதிவு உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று டிஜிலாக்கரில் பாருங்கள்.

ஐஸ் பேக்டரிக்கு அம்மோனியா சிலிண்டர் ஏற்றும் மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துச் சின்ன வண்டிக்காரர்கள், இதெல்லாம் டேங்கருக்குத்தான் என்று நினைக்கிறார்கள். விதி வண்டியின் அளவைப் பார்ப்பதில்லை, சரக்கைப் பார்க்கிறது. விதிகளில் உள்ள ஆபத்தான சரக்குப் பட்டியலில் அம்மோனியாவும் இருக்கிறது.

இரவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தூங்கப் போகும்போது, 18 வயது நிரம்பாத கிளீனர் பையனைக் காவலுக்கு வைப்பது விதிமீறல். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் டிரைவர்தான்.

சாலையோரத்தில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது, வண்டியில் மூன்று இடங்களில் இருக்க வேண்டிய பலகை. சரக்கின் பெயர், ஐ.நா. எண் (ஒவ்வோர் ஆபத்தான சரக்குக்கும் உரிய நான்கு இலக்க எண்), அவசர உதவி எண், அனுப்பியவரின் போன் எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். 1005 என்றால் அம்மோனியா, 1075 சமையல் கேஸ், 1203 பெட்ரோல், 1830 கந்தக அமிலம். பெரும்பாலும் சேறு மூடியிருக்கும், அது தனிக்கதை. வண்டி கவிழ்ந்தால் கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பிடிக்க ஓடாதீர்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விலகி நின்று, 112-க்குப் போன் போட்டு அந்த ஐ.நா. எண்ணைச் சொல்லுங்கள். டிரைவர் உடனே பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் உரிமையாளருக்கும் சொல்லியாக வேண்டும்.

இழப்பீடு. பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1991-இன் கீழ், யார் தவறு என்று நிரூபிக்காமலே கலெக்டரிடம் நிவாரணம் கேட்கலாம். காயம், உயிரிழப்புக்கு மட்டுமல்ல, உடைமை நாசமானாலும் கேட்கலாம். கெடு 5 ஆண்டு. மற்ற சட்டங்களில் கிடைக்கும் இழப்பீட்டை இது தடுக்காது. ஆனால் தொழிலாளியின் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் டிரைவரும் கிளீனரும் தொழிலாளர் இழப்பீடு போன்ற வேறு வழியில் போக வேண்டும். சம்பளப் பதிவேட்டில் பெயரே இல்லாத கிளீனருக்கு அங்கே வேலை செய்ததை நிரூபிப்பதே பெரும்பாடு. ஜிபே-யில் வந்த பேட்டா, லோடு ரசீது, டோல் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் "விபத்து நிவாரணம் வேண்டும்" என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால், மனு தாலுகா ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்குமாக அலையும். 1991 சட்டம், பிரிவு 6 என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். மனு எண் போட்ட ரசீது வாங்கியபின் அங்கிருந்து கிளம்புங்கள்.