போன் கிழடா, பற்றரி கிழடா?

கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன், களுவாஞ்சிக்குடி தாண்டியிருக்கும், வயலுக்கு மேல் மழை இருட்டிக்கொண்டு வந்த விதம் நல்லா இருந்ததால் படம் எடுப்போம் என்று கமராவைத் திறந்தேன், அவ்வளவுதான், போன் செத்துப்போனது. செத்தபோது 23 வீதம் சார்ஜ் காட்டியது. வீட்டுக்கு வந்து சார்ஜரில் போட்டதும், ஒன்றுமே நடக்காதது மாதிரி 21 வீதம் என்று எழும்பிச் சிரிக்கிறது.

தங்கச்சியின் மகன் பக்கத்தில்தான் இருந்தான். "மாமா, இத எறிஞ்சிட்டு புதுசொண்டு எடுங்களன்" என்றான். அவனுக்கென்ன, எண்பதாயிரம் ரூபாய் என்பது வாயால் சொல்ல லேசு. 2022இல் டொலர் இருநூறில் இருந்து முந்நூற்று அறுபதுக்குப் பாய்ந்த நாளில் இருந்து எனக்குப் போன் கடை வாசல் என்றாலே கொஞ்சம் பயம். ஆனாலும் அவன் கேட்டது நியாயமான கேள்விதான்: நாலு வருடம் ஆன போனில் உண்மையிலேயே எது பழசாகிறது? கண்ணாடிக்கு வயது இல்லை, சிப்புக்குள் இருக்கிற சிலிக்கன் நாலு வருடத்தில் களைத்துப்போவதும் இல்லை. பிறகு ஏன் எல்லாம் இழுத்துக்கொண்டு நிற்கிறது?

பெரும்பாலும் பற்றரி. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் போனுக்குள் உயிருள்ளது மாதிரி முதுமை அடைகிற சாமான் முக்கியமாக அதுதான்.

லித்தியம் அயன் பற்றரியை முதன்முதலில் கடைக்குக் கொண்டுவந்தது சோனி கொம்பனி, 1991இல். அதற்குப் பின்னால் இருந்த வேலைக்காக குட்இனஃப், விற்றிங்ஹாம், யோஷினோ என்ற மூன்று பேருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உள்ளே ஒரு பக்கம் காரீயம் (பென்சிலுக்குள் இருக்கிற கிராபைட்), கேகாலைப் பக்கம் போகலைச் சுரங்கத்தில் தோண்டி எடுக்கிறோமே, அந்தச் சாதிப் பொருள். மறுபக்கம் கோபால்ட் போன்ற உலோகத்தின் ஒட்சைட்டு. நடுவில் ஒரு திரவம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயன்கள் ஒட்சைட்டில் இருந்து நீந்தி வந்து காரீயத்தின் அடுக்குகளுக்குள் புகுந்து குந்திக்கொள்ளும், போனைப் பாவிக்கும்போது திரும்பிப் போகும். இந்தப் போக்குவரத்துத்தான் மொத்தப் பற்றரியும்.

பிரச்சினை எங்கே என்றால், காரீயத்தின் மேல் அந்தத் திரவம் சிதைந்து ஒரு மெல்லிய படலம் படியும். முதல் முதல் சார்ஜ் ஏற்றும்போதே அது உருவாகிவிடும், உருவாகவும் வேண்டும், அது இல்லாவிட்டால் திரவம் முழுக்கச் சிதைந்துபோகும். ஆனால் அந்தப் படலம் அதோடு நிற்காது, மாதம் மாதமாகத் தடித்துக்கொண்டே போகும், தடிக்கிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியத்தைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும். பூட்டிய லித்தியம் பிறகு ஓடாது.

உன்னிச்சைக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்துக்கு இரண்டு விதமாக வயது போகும். ஒன்று, அடியில் வண்டல் படிந்து குளமே ஆழம் குறைந்துபோவது, அப்போது நிரம்பினாலும் முந்தி பிடித்த அளவு தண்ணீர் பிடிக்காது. மற்றது, வாய்க்கால் தூர்ந்துபோவது. குளத்தில் தண்ணீர் கிடக்கும், ஆனால் வட்டைக்கு ஒரே நேரத்தில் நிறையத் தண்ணீர் வேண்டும் என்று எல்லாரும் மடையைத் திறந்தால் கடைசி வயலுக்கு ஒரு சொட்டும் வராது. பற்றரியில் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கிறது. முதலாவதால் சார்ஜ் நாள் முழுக்க நிற்பதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதுதான் என் போனைக் களுவாஞ்சிக்குடியில் கொன்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது சொச்சம் வீதத்தில் பற்றரியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட் என்று வையுங்கள். கமரா திறந்த அந்த நொடியில் சிப், திரை, கமரா எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக 3 அம்பியர் கேட்கின்றன. புதுப் பற்றரியின் உள்தடை 0.1 ஓம் என்றால் உள்ளேயே விழுகிற அழுத்தம் 0.3 வோல்ட்தான், வெளியே 3.4 கிடைக்கும், போனுக்குத் தாராளம். கிழட்டுப் பற்றரியில் தடை 0.25 ஓமுக்கு ஏறிவிட்டால் 0.75 வோல்ட் உள்ளேயே போய்விடும், வெளியே மிஞ்சுவது 2.95. மூன்று வோல்ட் அளவுக்குக் கீழே போனால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உடனே நிற்கும். கமரா மூடியதும் போன் கேட்கிற மின்சாரம் குறைந்துவிடும், அழுத்தம் மறுபடி ஏறிவிடும், அதனால்தான் வீட்டில் 21 என்று எழும்பியது. போன் பொய் சொல்லவில்லை, குளத்தில் தண்ணீர் இருந்தது.

இதே கோளாறை மறைக்கப் போய்த்தான் ஆப்பிள் கொம்பனி 2017 டிசம்பரில் மாட்டிக்கொண்டது. பற்றரி பழசான ஐபோன்கள் இப்படித் திடீரென்று நிற்காமல் இருக்க, சிப்பின் வேகத்தை மென்பொருள் வழியாகத் தாங்களே குறைத்ததை ஒத்துக்கொண்டார்கள். திட்டு வாங்கிய பிறகு 79 டொலர் பற்றரி மாற்றத்தை 29 டொலருக்குக் கொடுத்தார்கள். பற்றரி மாற்றியவர்களின் போன் பழைய வேகத்துக்குத் திரும்பியது. "போன் ஸ்லோ ஆகிட்டு" என்று புதுசு வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு ஒரு பற்றரி போதுமாக இருந்திருக்கும் என்று யோசித்தால் எரிச்சல்தான் வருகிறது.

நம்ம ஊருக்கென்று இதில் ஒரு தனிக் கொடுமை உண்டு, சூடு. படலம் தடிக்கிறது வேதியியல் தாக்கம், வேதியியல் தாக்கங்கள் 10 பாகை ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பழைய கைக்கணக்கு. ஆப்பிள் தன் போன்களைப் பாவிக்கச் சொல்கிற சூழல் வெப்பநிலை 0 முதல் 35 பாகை வரை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மத்தியானம் மட்டக்களப்பில் அந்த 35ஐ நிழலிலேயே தொட்டுவிடுவோம். மோட்டார் சைக்கிள் ஹேண்டிலில் போனை மாட்டி வெயிலில் வழி பார்த்துக்கொண்டு போகிறவர்கள், ஓட்டோவின் கண்ணாடிக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடுகிறவர்கள், தலையணைக்குக் கீழே வைத்து விடியவிடியச் சார்ஜில் விடுகிறவர்கள் (நானும்தான்), எல்லாரும் பற்றரிக்கு வயதைக் கூட்டிக்கொண்டு இருக்கிறோம். சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் இன்னும் மோசம். பரவலாகக் காட்டப்படும் ஒரு அட்டவணைப்படி, 25 பாகையில் 40 வீதச் சார்ஜோடு ஒரு வருடம் சும்மா கிடக்கும் பற்றரி 4 வீதம்தான் இழக்கும், அதே பற்றரி 40 பாகையில் 100 வீதத்தில் கிடந்தால் 35 வீதம் போய்விடும். பாவிக்காமலே! ஆகவே உங்கள் போனில் 80 வீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

சார்ஜ் சுற்று என்ற கணக்கும் இருக்கிறது. பழைய ஐபோன்கள் 500 முழுச் சுற்றில் 80 வீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி செய்யப்பட்டவை, ஐபோன் 15இல் இருந்து அது 1000 சுற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வருகிற போன்கள் 800 சுற்றுக்குப் பிறகும் 80 வீதம் தாங்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று.

சரி, கடைக்குப் போனேன். டவுனில் ஒரு சின்னக் கடை, தம்பி ஒருத்தர் பின்பக்கக் கண்ணாடியைச் சூடாக்கிக் கழற்றினார், பற்றரி கொஞ்சம் உப்பியிருந்தது. "அண்ணன், போனுக்கு ஒண்டுமில்ல, பற்றரிதான் மண்டையப் போட்டுட்டு" என்றார். உப்பல் என்பது உள்ளே திரவம் சிதைந்து வாயு சேர்ந்திருப்பது, அதை அமத்திப் பார்ப்பதோ ஊசியால் குத்துவதோ கூடாது, தீப்பிடிக்கும். ஏழாயிரத்துக்கு வேலை முடிந்தது. மலிவாக இன்னொன்றும் காட்டினார், வேண்டாம் என்றுவிட்டேன். மேலே கொள்ளளவு என்று எழுதியிருக்கும் மில்லி அம்பியர் மணிக்கும் (mAh) உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே இல்லாத பற்றரிகள் சந்தையில் நிறைய.

பற்றரிக்கு அடுத்த குற்றவாளி சேமிப்பிடம். என்னை எறியச் சொன்ன அந்த மருமகனின் போனில் அதுதான் நடந்தது. போனுக்குள் இருக்கிற பிளாஷ் நினைவகத்துக்கு ஒரு வினோதமான பழக்கம்: எழுதினதற்கு மேல் அப்படியே மாற்றி எழுத முடியாது. பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் அழிப்பதென்றால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு கட்டு முழுவதையும்தான் அழிக்க வேண்டும். அந்தக் கட்டுக்குள் இன்னும் தேவையான பக்கங்கள் இருந்தால் முதலில் அவற்றை வேறொரு வெறும் கட்டுக்குக் குடிபெயர்க்க வேண்டும். இடம் தாராளமாக இருக்கும்போது இதெல்லாம் நீங்கள் தூங்கும்போது சத்தமில்லாமல் நடக்கும். 97 வீதம் நிரம்பிவிட்டால் குடிபெயர்க்க வெறும் இடமே இல்லாமல், நீங்கள் ஒரு படம் எடுக்கும் அந்த நேரத்தில்தான் போன் சாமான்களைத் தூக்கி அங்கே இங்கே வைத்து இடம் பண்ணிக்கொண்டிருக்கும். அவனுடைய போனைத் திறந்து பார்த்தால் குடும்பக் குழுவில் மாமிமார் அனுப்புகிற காலை வணக்கப் பூக்கள், ரோசாப்பூ, தேநீர்க் கோப்பை, சூரிய உதயம், ஆயிரக்கணக்கில். கால்வாசி இடத்தை வெறுமையாக்கின பிறகு அவனே ஆச்சரியப்பட்டான்.

புது சிப் வேகம் தராதா? தரும், ஆனால் நீங்கள் உணருகிற அளவுக்கா என்பதுதான் விஷயம். 2018இல் வந்த ஆப்பிளின் ஏ12 சிப்பில் 690 கோடி டிரான்சிஸ்டர்கள், 2023இன் ஏ17 புரோவில் 1900 கோடி. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வாட்ஸ்அப் மூன்று மடங்கு வேகமாகத் திறக்கிறதா? அது முந்தியே போதுமான வேகத்தில்தான் திறந்தது. கூடுதல் பலம் தெரிவது கனமான விளையாட்டிலும் வீடியோ வெட்டி ஒட்டுவதிலும்தான், அதிலும் காற்றாடி இல்லாத ஒரு மெல்லிய போனால் தொடர்ந்து சில வாட் சூட்டைத்தான் வெளியே தள்ள முடியும், நம்ம வெயிலில் அதுவும் குறையும், சூடு ஏறினதும் எவ்வளவு பெரிய சிப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கமராவில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கிறேன். கல்லடிப் பாலத்தில் இரவில் நின்று மருமகனுடைய கூட்டாளியின் புதுப் போனாலும் என் போனாலும் வாவியைப் படம் எடுத்தோம், என்னுடையதில் இருட்டு முழுக்கப் பொரிப்பொரியாக இருந்தது. 200 மெகாபிக்சல் என்பதில் மயங்க வேண்டாம், அதில் பக்கத்துப் பக்கத்துப் பதினாறு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் வழமையாகத் தரும். வேலை நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, ஒளி பிடிக்கும் சிப்பின் பரப்பளவு பெரிதாகியிருக்கிறது, கூட வெளிச்சம் பிடிக்கிறது. மற்றது, இரவுப் படம் என்பது ஒரு படமே இல்லை, அடுத்தடுத்து எடுத்த பல படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுப்பது. பொரிகள் தாறுமாறாக விழுபவை, ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழும், சராசரி எடுத்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்பது படத்தைச் சேர்த்தால் பொரி மூன்றில் ஒன்றாகும், பதினாறு என்றால் நாலில் ஒன்று. கூகுள் இதை 2018இல் தன் பிக்சல் போன்களுக்குக் கொடுத்தபோது பழைய பிக்சல்களுக்கும் கொடுத்தது. இரவில் படம் எடுப்பது உங்களுக்கு முக்கியம் என்றால், சரி, புதுசு வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

உண்மையில் போனுக்கு நாள் குறிப்பது இன்னொன்று, யாரும் கடையில் கேட்காதது: பாதுகாப்பு இற்றைப்படுத்தல் (அப்டேட்) எதுவரை வரும்? மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கும், கொம்பனி அடைத்து அனுப்புகிற வரைக்கும் பரவாயில்லை, நிறுத்திவிட்டால் அந்த ஓட்டைகள் உங்கள் போனில் நிரந்தரம். பிக்சல் 8 வந்த 2023இல் கூகுளும், எஸ்24 வந்த 2024இல் சாம்சங்கும் ஏழு வருடம் தருவதாகச் சொன்னார்கள். மலிவான போன்களில் பல இரண்டு மூன்று வருடத்தோடு கைகழுவிவிடும். அந்தப் போனில் பாட்டுக் கேட்கலாம், யூடியூப் பார்க்கலாம், ஆனால் வங்கிக் கணக்கை அதில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இதைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும், அமைப்புகளுக்குள் போய் கடைசியாகப் பாதுகாப்பு இற்றை வந்த தேதியைப் பாருங்கள். என்னுடையது போன மாதம். மருமகனுடையது ஒன்றரை வருடத்துக்கு முந்தியது.

அப்போ மாற்ற வேண்டியது யார்? அவன்தான். என்னை எறியச் சொன்னவனுக்கே புதுசு தேவைப்பட்டது என்று வீட்டில் ஒரே சிரிப்பு. எண்பதாயிரம் அவனிடமும் இல்லை, பாவித்த போன் ஒன்று பார்க்கலாம் என்று சாய்ந்தமருதுப் பக்கம் போகிறான். *#06# அடித்து வருகிற பதினைந்து இலக்க IMEI எண்ணை, முன்னால் IMEI என்று எழுதி ஒரு இடைவெளி விட்டு, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பார்க்கச் சொன்னேன். மறுகா இற்றைத் தேதி. அதற்குப் பிறகு கமராவைத் திறந்து, 20 வீதச் சார்ஜில், ஐந்து நிமிடம் வீடியோ எடுத்துப் பார்க்கச் சொன்னேன். "கடைக்காரன் ஏசுவான் மாமா" என்றான்.