உறவைத் தேடும் படிவத்தில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

காணாமல் போன உறவினரைத் தேடித் தரச் சொல்லிச் செஞ்சிலுவைச் சங்கத்தில் கொடுக்கும் தேடுதல் படிவத்தின் முதல் கட்டத்திலேயே நம் மக்களுக்குச் சிக்கல் தொடங்கிவிடுகிறது. அங்கே 'குடும்பப் பெயர்' கேட்கிறார்கள். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. அப்பா பெயரை எழுதுவதா, ஊர்ப் பெயரை எழுதுவதா, வெறுமனே விடுவதா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிப்பார்கள். தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் ஈழ அகதிக் குடும்பங்களுக்கு இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. காணாமல் போனவரைத் தேடுவது எங்கோ ஜெனீவாவில் நடக்கும் பெரிய காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், தேடுதலின் பெரும்பகுதி படிவம் எழுதும் மேசையிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே விட்டுப்போன விவரத்தைப் பிறகு எந்த அலுவலகமும் கண்டுபிடித்துச் சேர்க்கப் போவதில்லை.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பிறப்புப் பதிவில் அப்பா பெயர் முன்னாலும் பிள்ளையின் பெயர் பின்னாலும் இருக்கும். அதே பிள்ளை மண்டபம் முகாமில் இறங்கியதும் அப்பா பெயர் ஒற்றைத் தலைப்பெழுத்தாகச் சுருங்கிவிடும். கனடாவுக்கோ நார்வேக்கோ போனால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். தங்கைக்குத் திருமணம் ஆகிவிட்டால் கணவர் பெயர் அந்த இடத்துக்கு வந்துவிடும். அண்ணன் தன் அப்பா பெயரை வைத்துத் தங்கையைத் தேடிக்கொண்டிருப்பார். தங்கையோ வேறு பெயரில் அடுத்த நகரத்தில் வசிப்பார். இதற்கு மேல் எழுத்துக்கூட்டல் வேறு. 'சந்திரன்' என்பதை ஆங்கிலத்தில் 'சி' போட்டும் எழுதலாம், 'எஸ்' போட்டும் எழுதலாம். 'ஜெ'யில் தொடங்கும் பெயரை வேறு மொழிக்காரர் காதில் விழுந்தபடி 'யெ' என்று பதிந்துவிடுவார். 'ழ' வரும் பெயர்களின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

இது நமக்கு மட்டும் வந்த தொல்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பா முழுக்கச் சிதறிப்போனவர்களைத் தேடுவதற்காக ஜெர்மனியின் பாட் அரோல்சன் நகரில் ஓர் ஆவணக் காப்பகம் உருவானது. அங்கே கோடிக்கணக்கான பெயர் அட்டைகள் இருக்கின்றன. எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பினால் ஆளைப் பிடிக்க முடியாது என்பதால், ஒலி ஒத்த பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும்படி அவற்றை அடுக்கினார்கள். ஒரே பெயருக்கு நூற்றுக்கணக்கான எழுத்து வடிவங்கள் அங்கே உண்டு. ஆகவே உங்களுக்குத் தெரிந்த எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பெயர், வீட்டுப் பெயர், பட்டப்பெயர், போராளி இயக்கத்தில் இருந்திருந்தால் அங்கே வைத்த பெயர், ஏஜென்ட் கொடுத்த பாஸ்போர்ட்டில் இருந்த பெயர் என எல்லாமே வேண்டும். இயக்கப் பெயரைச் சொன்னால் பின்னால் வம்பு வருமோ என்று தயங்குபவர்கள், முதலில் படிவம் வாங்கும் அலுவலரிடம் தகவல் யார் யார் கைக்குப் போகும் என்று கேட்டுக்கொள்ளலாம். கேட்பது உங்கள் உரிமை. உங்கள் சம்மதத்தின் எல்லை எது என்பதையும் படிவத்தில் பதிவு செய்வார்கள்.

அம்மாவின் பெயரைக் கட்டாயம் முழுமையாக எழுதுங்கள். வயதையும் சொந்தப் பெயரையும் மாற்றிச் சொன்னவர்கள்கூட அம்மா பெயரை மாற்றுவது அரிது. ஒரே பெயரில் நான்கு பேர் கிடைக்கும்போது யார் நம்மவர் என்று பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அதுதான்.

தேதிக்கு வருவோம். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி, மகனை எப்போது பிரிந்தீர்கள் என்ற கேள்விக்கு 'தெரியாது' என்று எழுதச் சொன்னார். சற்று நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அந்த வருடம் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அவன் உடன் வந்தானா என்று கேட்டேன். வந்தான் என்றார், காவடி எடுத்த பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தண்ணீர் ஊற்றினான் என்றார். பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் சண்டை தொடங்கியது, மடு தேவாலயத்துக்கு நடந்தோம், அங்கிருந்து பேசாலைக்குப் போகும்போது கூட்டத்தில் பிரிந்தோம் என்று வரிசையாக வந்தது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசியில் வரும். இரண்டாம் கட்டப் போர் மூண்டது 1990 ஜூன். 'தெரியாது' என்றிருந்த இடத்தில் மாதமும் வருடமும் வழித்தடமும் வந்து உட்கார்ந்துவிட்டன. தேதி நினைவில்லாதவர்களுக்குத் திருவிழா நினைவிருக்கும். பரீட்சை, பெரியவளான சடங்கு, மழை வெள்ளம் நினைவிருக்கும். அவற்றை அப்படியே எழுதிவிடுங்கள். ஊரைச் சொல்லும்போது கிராம சேவையாளர் பிரிவு, பக்கத்துக் கோயில், படித்த பள்ளிக்கூடம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன.

இனி, படிவத்தை எங்கே கொடுப்பது? நீங்கள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டின் செஞ்சிலுவைச் சங்கத்தில் கொடுக்க வேண்டும். ஆள் காணாமல் போன நாட்டுக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாநிலக் கிளை சென்னை எழும்பூரில் இருக்கிறது. இலங்கையில் மாவட்டக் கிளைகள் உண்டு. ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கென்றே பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் இணைப்பது ஜெனீவாவிலுள்ள சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் மத்திய தேடல் முகமை. சேவை முழுக்க இலவசம். இதற்காக யாராவது ஒரு ரூபாய் கேட்டாலும் அவர் செஞ்சிலுவைக்காரர் இல்லை. சொத்து வழக்குக்கு ஆள் தேடுவது, கடன் வாங்கி ஓடியவரைப் பிடிப்பது போன்றவற்றுக்கு இங்கே இடமில்லை. போர், இடப்பெயர்வு, இயற்கைச் சீற்றம், புலம்பெயர்வு ஆகியவற்றால் அறுந்துபோன குடும்பத் தொடர்பை மீட்பதே அவர்கள் வேலை.

இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் பிரிந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2009 பிப்ரவரி முதல் மே வரை புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து காயமடைந்தவர்களைச் செஞ்சிலுவைக் குழு கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுபோனது. கூட யார் போனது, எந்தக் கரையில் ஏறினார்கள், எந்த மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தார்கள் என்பதை எழுதினால், 'வன்னியில் காணாமல் போனார்' என்று ஒற்றை வரியில் முடிப்பதைவிடப் பலமடங்கு பயன் தரும்.

ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் தொடர்பு அறுந்திருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. செஞ்சிலுவையின் 'டிரேஸ் தி ஃபேஸ்' இணையதளத்தில், 2013 முதல், தேடுகிறவரின் புகைப்படம் வெளியாகிறது. தேடப்படுகிறவரின் படம் அதில் இருக்காது. இது பலருக்கு வியப்பாக இருக்கும். பெயரும் போடமாட்டார்கள். 'தம்பியைத் தேடுகிறேன்' என்ற அளவில்தான் இருக்கும். தம்பி அதைப் பார்த்தால் அக்காவை அடையாளம் கண்டுகொள்வார். வேறு எவருக்கும் அந்தப் படத்தால் பெரிய பயன் இல்லை. பாதுகாப்பை யோசித்துச் செய்த ஏற்பாடு என்று எனக்கு இதன்மீது தனி மதிப்பு உண்டு.

சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு, 2014 முதல் வழியில் இறந்தவர்களையும் காணாமல் போனவர்களையும் கணக்கெடுத்து வருகிறது. அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, அங்கே மனுப் போடலாமா என்று கேட்கிறார்கள். அது எண்ணிக்கைப் பதிவேடு. ஆளைத் தேட மனு கொடுக்கும் இடம் அது அல்ல.

படகில் போனவர்களின் குடும்பங்கள் படிவம் பக்கமே வராமல் ஒதுங்குவதைப் பார்க்கிறேன். 2019 ஜனவரியில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து கிளம்பிய படகில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஆண்டுகள் கடந்தும் உறவினர்களுக்கு உறுதியான தகவல் வரவில்லை. பயணத்தைச் சொன்னால் தங்கள்மேல் வழக்கு வரும் என்ற பயம் இப்படிப்பட்ட குடும்பங்களில் எல்லாரையும் பிடித்து ஆட்டுகிறது. பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படகின் பெயர், கிளம்பிய துறை, கூட ஏறியவர்களின் பெயர்கள், கடைசி அழைப்பு வந்த எண் ஆகிய நான்கையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கே கொடுப்பது என்பதைப் பிறகு யோசிக்கலாம். பழைய கைபேசியைத் தூக்கிப் போடாதீர்கள்.

தூதரகம் விஷயத்தில் ஆளுக்கு ஆள் ஆலோசனை மாறும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன இந்தியர் காணாமல் போனால் இந்தியத் தூதரகத்தை நேராக அணுகலாம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. பாஸ்போர்ட் நகலும் ஸ்பான்சர் விவரமும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் நகரும். அகதித் தஞ்சம் கேட்டவருக்கு இது பொருந்தாது. எந்த அரசுக்கு அஞ்சி ஓடி வந்தாரோ அதே அரசின் தூதரகத்தில் போய் அவரைப் பற்றி விசாரித்தால், அவருக்கும் ஊரிலுள்ள உறவினர்களுக்கும் ஆபத்து வரலாம். தஞ்ச விண்ணப்பமும் பாதிக்கப்படலாம். வழக்கறிஞரைக் கேட்காமல் அந்த வாசலை மிதிக்க வேண்டாம்.

இலங்கைக்குள் 2016-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த காணாமல் போனோர் அலுவலகம் இருக்கிறது. 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் உட்கார்ந்து போராடிய தாய்மார் பலர் அந்த அலுவலகத்தை நம்பவில்லை. ஆணைக்குழு மாற்றி ஆணைக்குழு முன்னால் சாட்சி சொல்லிச் சலித்தவர்கள் அவர்கள். அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். போவதா வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு. ஆனால் இதுவரை கொடுத்த ஒவ்வொரு முறைப்பாட்டின் (புகாரின்) துண்டையும், பொலிஸ் பதிவோ மனித உரிமை ஆணைக்குழுவோ எதுவானாலும், பத்திரப்படுத்துங்கள். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் குறித்த ஐ.நா. செயற்குழுவுக்கு மனு அனுப்பும்போது அந்த எண்கள் உதவும். அதே 2016-இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, மரணச் சான்றிதழ் வாங்காமலேயே, காணாமல் போனமைக்கான சான்றிதழ் பெறலாம். வங்கிக் கணக்கு, காணி, பிள்ளைகளின் காரியங்களுக்கு அது பயன்படும். அதை வாங்குவது அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதாகாது. இதைப் பல மனைவிமாரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃபேஸ்புக்கில் படம் போடுவதைப் பற்றி. போட்ட சில நாளிலேயே 'உங்கள் மகன் ரகசிய முகாமில் இருக்கிறான், பணம் அனுப்பினால் பேச வைக்கிறேன்' என்று அழைப்பு வரும். நகையை விற்று அனுப்பியவர்கள் உண்டு. அப்படி யாராவது அழைத்தால், நீங்கள் எங்கும் எழுதாத ஒன்றைக் கேளுங்கள்: வீட்டு நாயின் பெயர், கிணற்றடியில் நின்ற மரம், அம்மம்மா அவனைக் கூப்பிடும் பெயர். பதில் சொல்லாமல் கோபப்படுகிறவர்தான் மோசடிக்காரர். இதற்காகவே, பதிவில் எல்லா விவரங்களையும் கொட்டிவிடாமல் இரண்டு மூன்றை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் கிடைத்தாலும் உடனே முகவரி உங்கள் கைக்கு வராது. செஞ்சிலுவைச் சங்கத்தினர் முதலில் அவரிடம்தான் கேட்பார்கள். பேச விரும்பினால் மட்டுமே தொடர்பு. சிலர் உயிரோடு இருப்பதை மட்டும் சொல்லச் சொல்வார்கள். சிலர் அதையும் வேண்டாம் என்பார்கள். கோபம் வரும், புரிகிறது. ஆனால் அதே விதிதான் உங்களைத் தேடுகிறவர்களிடமிருந்து உங்களையும் காக்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். தேடப்பட்டவர் கிடைத்து, தேடியவரைக் காணவில்லை என்று கோப்பு நின்றுபோவதுண்டு. முகாம் மாறியிருப்பார்கள், சிம் மாறியிருக்கும், மனுக் கொடுத்த அப்பா காலமாகியிருப்பார். ஆகவே மனுவில் உங்கள் எண்ணோடு, வீட்டிலேயே இளையவரான ஒருவரின் எண்ணையும் கொடுங்கள். கோப்பு எண்ணைக் குடும்ப அட்டையோடு வையுங்கள். முகவரி மாறிய வாரமே செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.