செரிஃபுக்குக் கொம்பு முளைத்த கதை

‘உயர் முரண் அலங்காரக் கொம்பு எழுத்துரு, காட்சிப் பயன்பாட்டுக்கு.’ போடோனி என்ற ரோமன் எழுத்துருவைப் பற்றி ஒரு மொழிபெயர்ப்புக் கையேட்டில் கண்ட வரி இது. ‘செரிஃப்’ என்பதைத்தான் ‘கொம்பு’ ஆக்கியிருக்கிறார்கள். முதல் தடவை சிரித்தேன். இப்போது பயிற்சி வகுப்பிலும் அதே ‘கொம்பு’ என்பதால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ரோமன் எழுத்தில், அதாவது ஆங்கிலம் எழுதும் எழுத்தில், ஒரு கோடு முடியும் இடத்தில் குறுக்கே நிற்கும் சின்னக் கோடுதான் செரிஃப். டச்சு மொழியில் கோடு, பேனா இழுப்பு என்று பொருள்படும் ‘ஸ்க்ரேஃப்’ அதன் மூலமாக இருக்கலாம் என்பார்கள். அவ்வளவுதான்.

இனி கொம்புக்கு வருவோம். ‘கெ’யில் இருப்பது ஒற்றைக் கொம்பு, ‘கே’யில் இரட்டைக் கொம்பு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கொம்பை எடுத்தால் ‘கெ’ வெறும் ‘க’ ஆகிவிடும். செரிஃபை எடுத்தாலோ எழுத்து மாறாது, தோற்றம்தான் மாறும். ஒலியையே மாற்றும் உறுப்புக்கும் கோட்டின் முனைக்கும் ஒரே பெயரா? செரிஃப் இல்லாத எழுத்துருவான சான்ஸ் செரிஃபைக் ‘கொம்பிலா எழுத்துரு’ என்று படித்த ஒரு மாணவர், “அப்ப இதுல ‘கெ’ அடிக்க முடியாதா சார்?” என்றார். அவர் மேல் தப்பே இல்லை. ‘வால்’ என்பாரும் உண்டு. ஆங்கிலக் ‘க்யூ’வுக்கு நிஜமாகவே வால் இருக்கிறதே, அதை என்ன செய்வது?

‘அலங்காரம்’ அடுத்த கோளாறு. கி.பி. 113இல் எழுந்த ரோமாபுரி டிராஜன் தூணின் கல்வெட்டிலேயே செரிஃப் இருக்கிறது. கல்லில் வெட்டுமுன் தூரிகையால் எழுதியதில் பிறந்தது அது என்பது எழுத்துக் கலைஞர் எட்வர்ட் காட்டிச்சின் வாதம். அந்த எழுத்துருவை வடித்தவரும் இத்தாலியின் பார்மாவில் அச்சகம் நடத்தியவருமான போடோனியோ பிற்காலத்தில் பூ வேலைப்பாட்டை ஒதுக்கி, பக்கத்தில் வெள்ளை வெளியை விட்டவர். அவர் தலையில் போய் அலங்காரத்தைக் கட்டுகிறார்கள்!

‘கான்ட்ராஸ்ட்’டை ‘முரண்’ என்கிறார்கள். ‘முரண்’ என்றால் சண்டை. இங்கே யாரும் சண்டை போடவில்லை. நிற்கும் கோடு தடியாகவும் குறுக்குக் கோடு மயிரிழையாகவும் இருக்கிறது, அது தடிப்பு வேறுபாடு. பாரிஸில் அச்சுக்கலைஞர் டிடோவும் பார்மாவில் போடோனியும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். 1954இல் எழுத்துருக்களை வகைபிரித்த மாக்ஸிமிலியன் வாக்ஸ் இருவர் பெயரையும் ஒட்டி ‘டிடோன்’ என்று இந்த வகைக்குப் பெயரிட்டார். இந்த மயிரிழை 8 புள்ளி (பாயின்ட்) போன்ற சின்ன எழுத்தளவில் காகிதத்தில் காணாமல் போகும். ‘வோக்’ ஃபேஷன் இதழின் பெயர்போல் பெரிதாகப் போட்டால் எடுப்பாக நிற்கும். ஆகவே அது தலைப்புக்கான எழுத்து; ‘டிஸ்ப்ளே’ என்பது இதைத்தான். ‘காட்சி’ என்றால் எனக்கு சினிமா கொட்டகைதான் நினைவுக்கு வருகிறது.

செரிஃப் என்றே எழுதுங்கள், எனக்குச் சண்டையில்லை. தமிழ்தான் வேண்டுமென்றால் கீற்று. நெற்றியில் திருநீற்றுக் கீற்று இடுகிறோம்; யாழ்ப்பாணத்தில் படம் வரைவதையே ‘கீறுவது’ என்பார்கள். செரிஃப் இல்லாதது கீற்றிலி. தென்னங்கீற்று நினைவுக்கு வருகிறதே என்றார் நண்பர். வரட்டும், ‘கெ’யோடு குழம்பாதல்லவா?

கையேட்டு வரியை நான் எழுதியிருந்தால்: ‘தடிப்பு வேறுபாடு மிகுந்த கீற்றெழுத்து, தலைப்புக்கு மட்டும்.’